இந்திய மூளை முடக்குவாத நிறுவனம், கொல்கத்தா

இந்திய மூளை முடக்குவாத நிறுவனம் (ஐ.ஐ.சி.பி.) கொல்கத்தாவில் அலிப்பூரை ஒட்டிய தாராத்தலா சாலையில் இயங்கும் தொண்டு நிறுவனம். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்குக் கல்வி, தொழிற்பயிற்சி, உரிமைப் பணி ஆகிய மூன்றையும் ஒரே வளாகத்தில் நடத்துகிறது. சுதா கௌல் 1974-இல் இதைத் தொடங்கியபோது பெயர் 'ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் ஈஸ்டர்ன் இந்தியா'. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1972-இல், மிது அலூர் மும்பையில் ஏற்படுத்திய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாதான் இதற்கு முன்னோடி. சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள வித்யாசாகர் (1985) அதே மரபில் வந்தது.

கருவிலோ பிறக்கும்போதோ பிறந்த சில காலத்திலோ வளரும் மூளைக்கு ஏற்படும் பாதிப்பே மூளை முடக்குவாதம். பாதிப்பு வயதோடு கூடுவதில்லை. ஆனால் கை, கால், நாக்கு, உதடு ஆகியவற்றின் தசைகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அதனால் பலருக்குப் பேச்சு குழறும், சிலருக்குப் பேச்சே வராது. பேச்சு தெளிவாக இல்லாதவருக்கு அறிவும் இல்லை என்று முடிவுகட்டும் பழக்கம் வீட்டிலிருந்து அலுவலகம் வரை இருக்கிறது. இவர்களுக்கு வேலையும் பொறுப்பும் கிடைக்காமல் போவதற்கு உடலின் முடக்கத்தைவிட இந்த முடிவே பெரிய காரணம்.

அதனால்தான் ஐ.ஐ.சி.பி.யின் பணியில் முதலில் குறிப்பிட வேண்டியவை பேச்சுக்கு மாற்றான தொடர்பு முறைகள். சக்கர நாற்காலியின் முன்பலகையில் படங்களும் சொற்களும் எழுத்துகளும் கட்டம் கட்டமாக இருக்கும் ஓர் அட்டை பொருத்தப்படுகிறது. விரல் நீட்ட முடிந்தவர் விரலால் காட்டுவார். முடியாதவர் கண்ணால் காட்டுவார். அதுவும் கடினம் என்றால் எதிரில் இருப்பவர் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் கேட்பார்: இந்த வரியா? இல்லை. இதுவா? கண் மேலே போகிறது, ஆம். பிறகு அந்த வரிக்குள் ஒவ்வொரு கட்டமாக. ஒரு வாக்கியம் முடியப் பல நிமிடம் ஆகும். அவசரப்பட்டு நடுவில் புகுந்து வாக்கியத்தை முடித்துவைக்கக் கூடாது என்பது கேட்பவர் முதலில் பழக வேண்டியது. இங்கே பயிற்சி பெறும் சிறப்பாசிரியர்களும் பெற்றோரும் அதைப் பழகுகிறார்கள். மேற்கு வங்க மாவட்டங்களில் உள்ள உள்ளூர் அமைப்புகளுக்கும் நிறுவனம் பயிற்சி தருகிறது.

வேலைவாய்ப்பில் நிலைமை இன்னும் கடுமையானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2.68 கோடிப் பேர், மேற்கு வங்கத்தில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல். நாடு முழுவதும் அவர்களில் வேலையில் இருந்தவர்கள் 36 விழுக்காட்டினர்தான். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணியில் 3 விழுக்காடு ஒதுக்கியது, 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 4 ஆக்கியது. இரண்டு சட்டங்களிலும் மூளை முடக்குவாதத்துக்குத் தனி இடம் இல்லை. கைகால் இயக்கக் குறைபாட்டுப் பிரிவின் ஒரே 1 விழுக்காட்டுக்குள் அது அடங்கிவிடுகிறது. ஒரு கால் சற்றே பாதிக்கப்பட்டவரும், பேச அட்டை தேவைப்படுபவரும் அதே இடத்துக்குப் போட்டியிட வேண்டும். நேர்காணலில் யார் தேர்வாவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் குறையைச் சட்டம்தான் சரிசெய்ய வேண்டும். தொழிற்பயிற்சி எவ்வளவு தந்தாலும் அது ஈடாகாது.

தலைமை என்பதற்கு இந்த நிறுவனம் காட்டும் நல்ல சான்று ஜீஜா கோஷ். மூளை முடக்குவாதத்தோடு பிறந்த இவர் இங்கே படித்த மாணவி. பிறகு இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறன் துறையில் முதுகலை பெற்றுத் திரும்பி, இதே நிறுவனத்தின் உரிமைப் பணிப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். பயனாளியாக வந்தவரைப் பொறுப்பில் அமர்த்துவது தொண்டு நிறுவனங்களில் எளிதாக நடப்பதல்ல. 2012 பிப்ரவரி 19 அன்று, கோவாவில் நடந்த மாநாட்டுக்குச் செல்லக் கொல்கத்தாவில் ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் ஏறி அமர்ந்திருந்த அவரை, உடல்நிலையைக் காரணம் காட்டி ஊழியர்கள் இறக்கிவிட்டார்கள். அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். நீதிபதிகள் ஏ.கே.சிக்ரி, ஆர்.கே.அகர்வால் அமர்வு 2016 மே 12 அன்று 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. சென்னையில் மாற்றுத்திறனாளர் உரிமைச் செயல்பாட்டாளர் ராஜீவ் ராஜனுக்கும் 2007-இல் விமானப் பயணம் மறுக்கப்பட்டது. அவருக்கும் மூளை முடக்குவாதம்தான். வேலை நிமித்தம் தனியாகப் பயணம் செய்யும் மாற்றுத்திறனாளியை எதிர்பார்க்காத துறைகளை இருவரும் அசைத்தார்கள்.

குடிமை வாழ்வில் பங்கேற்பு என்றால் நிறுவனத்தை அடுத்துள்ள அலிப்பூருக்கு நேரடித் தொடர்பு உண்டு. தெற்கு 24 பர்கனா மாவட்டத்தின் தலைமையிடம் அலிப்பூர். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1999-இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டம், பாதுகாவலர் நியமனத்தை மாவட்ட அளவிலான குழுவிடம் விடுகிறது. அந்தக் குழுவில் ஆட்சியர் நிலை அதிகாரியோடும் பதிவுபெற்ற அமைப்பின் பிரதிநிதியோடும் மாற்றுத்திறனாளி ஒருவரும் உறுப்பினராக இருந்தாக வேண்டும். மற்றொருவரின் சொத்து, சிகிச்சை, வாழ்விடம் பற்றி முடிவெடுக்கும் மேசையில் மாற்றுத்திறனாளிக்கும் ஒரு குரல். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி சென்று, முழு உரிமையையும் எடுத்துக்கொள்ளும் பாதுகாவலருக்குப் பதிலாக, சம்பந்தப்பட்டவரோடு கலந்து முடிவெடுக்கும் வரம்புள்ள பாதுகாவலரை விதித்தது.

வாக்களிப்பில் தடைகள் ஓரளவு குறைந்துள்ளன. தானே பொத்தானை அழுத்த இயலாதவர் 18 வயது நிரம்பிய துணையாள் ஒருவரை வாக்குப்பதிவு அறைக்குள் அழைத்துச் செல்லலாம். 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்கள் வீட்டிலிருந்தே அஞ்சல் வாக்கு அளிக்க 2019-இல் விதி திருத்தப்பட்டது. வாக்காளர் என்ற நிலையைத் தாண்டி உறுப்பினர் ஆவதற்குத் தமிழ்நாடு வழி திறந்திருக்கிறது: உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத்திருத்தங்கள் 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் நிறைவேறின. மன்றக் கூட்டத்தில் அட்டையைக் கண்ணால் காட்டிப் பேசும் உறுப்பினர் ஒருவர் அமரும்போது, அவர் வாக்கியத்தை முடிக்கும் வரை தலைவர் காத்திருக்க வேண்டும் என்று கூட்ட நடைமுறையில் எழுதிவைப்பது அடுத்துச் செய்ய வேண்டிய வேலை.