அளவுநாடா

ஸ்பூல் ஒலிப்பதிவுக் கருவி நாடாவைச் சரியாக வாசிக்கிறதா என்று பார்க்க, திட்டமான அளவுகளில் ஒலிகள் பதித்துத் தரப்படும் நாடா இது. பதிவுக்கூடங்களில் காலிபரேஷன் டேப் என்பார்கள்.

1935 பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏ.இ.ஜி. நிறுவனம் மேக்னெட்டோஃபோன் என்ற நாடா ஒலிப்பதிவுக் கருவியைக் காட்சிக்கு வைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் பொறியாளர் ஜாக் மல்லின் அத்தகைய இரண்டு கருவிகளைத் தன் நாட்டுக்குக் கொண்டுவந்து, 1946இல் சான் பிரான்சிஸ்கோவில் இயக்கிக் காட்டினார். 1948இல் ஆம்பெக்ஸின் மாடல் 200 வந்தது. ஒரு கருவியில் பதித்ததை அதிலேயே போட்டுக் கேட்டவரை தொல்லையில்லை. நாடா ஊர்விட்டு ஊர் போனதும் பொது அளவு தேவைப்பட்டது.

அந்தப் பொது அளவோ சந்தைக்குச் சந்தை மாறும் படியைப் போல ஆயிற்று. நொடிக்கு 15 அங்குல வேகத்தில் அமெரிக்காவின் நாப் (NAB) முறை, உச்ச ஒலிகளையும் தாழ்ந்த ஒலிகளையும் எவ்வளவு ஏற்றி இறக்குவது என்று வரையறுக்கும் கால மாறிலிகள் இரண்டைக் கொண்டது: 50, 3180 மைக்ரோவினாடி. ஐரோப்பாவில் பரவிய ஐ.இ.சி. (IEC) முறைக்கு 35 மட்டுமே. ஐ.இ.சி. முறையில் பதித்ததை நாப் கருவியில் போட்டால் உச்ச ஒலிகள் சுமார் 3 டெசிபெல் தூக்கும்; 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் மங்கும். அளவுநாடாவையே மாற்றிப் போட்டுக் கருவியைத் திருத்திவிட்டால், பிறகு வாசிக்கும் ஒவ்வொரு நாடாவும் இதற்கு நேர்மாறாகக் கெடும். ஆகவே அளவுநாடா வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வேகமும் இந்த முறையும்தான், விலை அப்புறம்.

நாடாவில் எவ்வளவு வலுவாகக் காந்தம் பதிகிறது என்பதைச் சொல்லும் காந்தப்பாய மட்டம் இன்னொரு குழப்பம். ஆம்பெக்ஸின் பழைய இயக்க மட்டம் மீட்டருக்கு 185 நானோவெபர். அதிகக் காந்தம் தாங்கும் நாடாக்கள் வந்தபின் 250, 355 என ஏறியது. ஜெர்மன் வழக்கில் 320. ஆம்பெக்ஸில் இந்த அளவீடுகளை ஆராய்ந்த ஜே மெக்நைட், 1972இல் கலிபோர்னியாவில் மேக்னெடிக் ரெஃபரன்ஸ் லேபரட்டரியை (எம்.ஆர்.எல்.) நண்பர்களோடு தொடங்கினார். எம்.ஆர்.எல். நாடா பதிவுக்கூடங்களின் பொதுவழக்கானது அதன் பிறகே.

அளவுநாடாக்கள் பெரும்பாலும் நாடாவின் முழு அகலத்துக்கும் பதிக்கப்படுபவை. குறுகிய தடங்களுள்ள வாசிப்புத் தலையில் வாசிக்கும்போது பக்கத்துக் காந்தமும் சேர்வதால் தாழ்ந்த ஒலிகள் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி அந்தத் தாழ்ந்த ஒலிகளை, அதாவது பாஸை, குறைத்தால் தவறு. தலையின் சாய்வையும் உச்ச ஒலிகளையும் அளவுநாடாவால் திருத்திவிட்டு, பாஸை அதே கருவியில் புதிதாகப் பதித்துப் பார்த்துச் சரிசெய்வதே முறை. பதிவின்போது சேர்க்கும் உயர் அதிர்வெண் மின்னோட்டமான பயாஸையும் பதிவு மட்டத்தையும் சரிசெய்வது வாசிப்புப் பகுதி சரியானபின்தான். அவற்றுக்கு அன்றாடம் பயன்படுத்தும் நாடாவே வேண்டும்.

மட்டத்துக்கொரு நாடா வாங்குவது வீண்செலவு. 250 நாடா ஒன்று போதும்: 355 வேண்டுவோர் அதை வாசித்து மீட்டரைக் கழித்தல் 3 டெசிபெலிலும், 185 வேண்டுவோர் கூட்டல் 2.6இலும் நிறுத்தலாம். நாடாவைப் போடுமுன் தலைகளைத் துடைத்துக் காந்தம் நீக்குக. பதிவுப் பொத்தான் பக்கம் கை போகவே வேண்டாம்.