மனுதாரர், காப்பாளர், உடனிருப்பவர்: மனநலச் சட்டங்களில் குடும்பத்தின் பெயர்கள்

1912ஆம் ஆண்டின் இந்திய லூனசி சட்டம் குடும்பத்தை முதன்மையாக மனுதாரராகவே அறிந்திருந்தது. கணவனோ மனைவியோ உறவினரோ மனு அளிக்க வேண்டும். இரண்டு மருத்துவச் சான்றிதழ்களை இணைக்க வேண்டும். அதற்கு முந்தைய 14 நாள்களுக்குள் நோயாளியை நேரில் கண்டிருக்க வேண்டும். ஆணை பிறந்தபின் குடும்பம் மதிலுக்கு வெளியே நின்றது. உள்ளே அதற்கு இடமில்லை.

அந்த மதில் முதலில் திறந்தது கொள்கையால் அன்று, நெருக்கடியால். பிரிவினைக்குப் பின், 1950ஆம் ஆண்டின் இறுதியில், லாகூர் மனநல மருத்துவமனையிலிருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். (மண்டோவின் 'டோபா டேக் சிங்' வாயிலாக இலக்கிய வாசகர் இதனை அறிவர்.) அவர்களில் பலரை ஏற்ற அமிர்தசரஸ் மருத்துவமனையில் பணியாளர் போதவில்லை. அதன் கண்காணிப்பாளர் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினரை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்தார். ஆள்பற்றாக்குறையைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடு எதிர்பாராத பலனைத் தந்தது. உடனிருந்து நோய் தணிவதைக் கண்ட உறவினரின் அச்சம் குறைந்தது. நோயாளியைத் தயக்கமின்றி வீட்டிற்கு அழைத்துச் சென்றனர்.

அதே பத்தாண்டின் பிற்பகுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியது. டாக்டர் பிளாரன்ஸ் நிக்கோல்ஸ் உருவாக்கிய அம்மையத்தில், குடும்பத்தார் உடன் தங்குவது சிகிச்சையின் பகுதியாகவே அமைந்தது. குழந்தைகளைப் பொறுத்தவரை இம்முறையின் முழுப் பொருள் அங்குள்ள நம்பிக்கை நிலையத்தில் விளங்குகிறது. அறிவுவளர்ச்சிக் குறைபாடோ ஆட்டிசமோ உடைய குழந்தையோடு பெற்றோரும் தங்கி, உண்ணவும் உடுத்தவும் பேசவும் பயிற்றுவிக்கும் வழிகளைத் தாமே கற்கின்றனர். 'நிலையம்' நிலைத்திருத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல். அங்கு வருவோரோ பயிற்சி முடிந்ததும் ஊர் திரும்பிவிடுகின்றனர். அந்த முரணே அதன் வெற்றி எனலாம்.

இவ்வரலாற்றைப் பெருமிதத்தோடு மட்டும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. 'இந்தியக் குடும்பம் கைவிடாது' என்ற வாய்பாடு பாடநூல்களிலும் கருத்தரங்குகளிலும் தொடர்ந்து ஒலிக்கிறது. அந்த வாய்பாட்டில் குடும்பம் ஒரு வளம். உதவி தேவைப்படும் தரப்பு அன்று. கூடாரத்தில் தங்கியவர் இழந்த கூலியையோ வீட்டில் விட்டுவந்த பிற பிள்ளைகளையோ அது கணக்கிடுவதில்லை.

உதவியைக் கோரும் தரப்பாகக் குடும்பங்கள் தம்மைத் தாமே அறிவித்துக்கொண்டது பின்னர்தான். சென்னையில் 'ஆஷா', பெங்களூருவில் 'ஆமெண்ட்' ஆகியவை மனநோயுற்றோரின் குடும்பத்தினர் சங்கங்கள். அறிவுவளர்ச்சிக் குறைபாடு உடையோரின் பெற்றோர் அமைப்புகள் 1995இல் 'பரிவார்' என்ற கூட்டமைப்பாக இணைந்தன. 'எங்களுக்குப் பின் யார்?' என்ற பெற்றோர் கேள்வியின் அழுத்தத்தால் விளைந்தது 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். பிள்ளை 18 வயதைக் கடந்த பின்னும் காப்பாளரை நியமிக்க அது வழிவகுத்தது.

ஆனால் அச்சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுவளர்ச்சிக் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகியவற்றோடு நின்றது. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டமோ அறிவுவளர்ச்சிக் குறைபாட்டைத் தன் வரையறையிலிருந்து விலக்கியிருந்தது. இரு சட்டங்களுக்கும் நடுவே ஒரு வரப்பு விழுந்தது. மனச்சிதைவோ இருதுருவக் கோளாறோ உடைய பதினைந்து வயதுப் பிள்ளையின் பெற்றோருக்கு வரப்பின் ஒருபுறம் மருத்துவமனை இருந்தது. காப்பாளர் ஏற்பாடு மறுபுறம் இருந்தது. இரு நிலைகளும் ஒரே குழந்தையிடம் சேர்ந்து காணப்படுவது அரிதன்று என்பதைச் சட்ட வரைவாளர் எண்ணியதாகத் தெரியவில்லை.

2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாக மதிப்பிட்டது. அடுத்து வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தன் 18ஆம் பிரிவில் நோயாளியின் குடும்பத்திற்குத் துணைநிற்கும் சேவைகளை அரசின் கடமையாக எழுதியது. மனுதாரராகத் தொடங்கிய குடும்பம், உரிமையோடு உதவி பெறும் தரப்பாக அங்கே இடம்பெறுகிறது. அதே சட்டத்தின் 87ஆம் பிரிவு, சிறார் மருத்துவமனையில் இருக்கும் காலம் முழுவதும் நியமனப் பிரதிநிதியோ அவர் அமர்த்தும் உதவியாளரோ உடனிருந்தே ஆகவேண்டும் என்கிறது. சிறுமியாயின், பிரதிநிதி ஆணாக இருந்தால், பெண் உதவியாளரை அவரே அமர்த்த வேண்டும். அமிர்தசரஸின் கூடாரம் இவ்வாறு சட்டக் கடமையாகிவிட்டது. உடனிருப்பவர் இழக்கும் நாட்கூலியை யார் ஈடுசெய்வது என்பதைப் பற்றி அப்பிரிவில் ஒரு வரியும் இல்லை.