ஹட்சன் நதிக்கரை ரயில் யார்டுகள்: மேற்கு மன்ஹாட்டனில் சரக்கு ரயில் விட்டுச்சென்ற தடம்

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில், ஹட்சன் நதிக்கு அருகே 387 மீட்டர் உயரத்தில் நிற்கிறது ‘30 ஹட்சன் யார்ட்ஸ்’ கட்டடம். அதன் 100ஆம் மாடியில் 2020 மார்ச்சில் திறக்கப்பட்ட ‘எட்ஜ்’ பார்வை மேடையிலிருந்து கீழே பார்த்தால், கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே அகன்ற பழைய கிடங்குகளும், கட்டடங்களை உரசியபடி வளைந்து செல்லும் பசுமையான பாலமும், நதியோரத் தண்டவாளங்களும் தெரியும். இவை எல்லாம் சரக்கு ரயிலை நம்பி உருவானவை.

ஹட்சன் ரிவர் ரயில்ரோடு கம்பெனி 1849இல் தன் முதல் பகுதியைத் திறந்தது. 1851இல் பாதை ஆல்பனி நகரின் எதிர்க்கரையை எட்டியது. மன்ஹாட்டனின் 30ஆம் தெருவில் அதன் நிலையமும் யார்டும் அமைந்தன. பதவியேற்கச் செல்லும் வழியில் 1861இல் ஆபிரகாம் லிங்கன் வந்திறங்கியது இங்கேதான். 1865இல் அவரது உடலைச் சுமந்த ரயில் புறப்பட்டதும் இங்கிருந்துதான்.

தண்டவாளம் வேலியின்றித் தெருமட்டத்திலேயே ஓடியது. பால், இறைச்சி ஏற்றிய வேகன்கள் குதிரை வண்டிகளோடும் குழந்தைகளோடும் ஒரே வீதியைப் பகிர்ந்துகொண்டன. சாவுகள் பெருகியதால் மக்கள் அந்த வீதியை ‘டெத் அவென்யூ’ என்றே அழைத்தனர். ரயிலுக்கு முன்னால் குதிரையில் சென்று, பகலில் சிவப்புக் கொடியும் இரவில் விளக்கும் காட்டி எச்சரிக்க ஆட்கள் அமர்த்தப்பட்டனர். ‘வெஸ்ட் சைடு கௌபாய்’ எனப்பட்ட இவர்களின் கடைசிப் பயணம் 1941இல் நடந்தது. வானுயர் கட்டடங்களுக்குப் பேர்போன நகரில் எம்பயர் ஸ்டேட் எழுந்து பத்தாண்டுகள் ஆன பின்னும், ரயிலுக்குக் குதிரை வழிகாட்டியிருக்கிறது.

பின்னர் இந்தப் பாதையை வைத்திருந்த நியூயார்க் சென்ட்ரல் ரயில் கம்பெனியைத் தவிர, மற்றக் கம்பெனிகளின் மேற்கிலிருந்து வந்த சரக்கு ரயில்கள் நியூ ஜெர்சிக் கரையோடு நின்றுவிட்டன. அவற்றின் வேகன்களைத் தண்டவாளம் பதித்த மிதவைகளில் ஏற்றி, இழுவைப் படகுகள் நதியைக் கடத்தின. கரையோரக் கட்டடங்களின் வடிவம் இதிலிருந்தே பிறந்தது. 27ஆம், 28ஆம் தெருக்களுக்கு இடையே 1891இல் எழுந்த டெர்மினல் வேர்ஹவுஸ் கிடங்குக்குள் ரயில் நேரே நுழைந்தது. அருகே 1931இல் முடிந்த 19 மாடி ஸ்டாரெட்-லீஹை கட்டடம் இன்னும் ஒரு படி மேலே போனது. தரைத்தளத்தில் வேகன்கள் வந்து நிற்க, லாரிகளையே லிஃப்டில் ஏற்றி மேல்மாடிகளுக்கு அனுப்பினர். கட்டடத்தைச் சுற்றிலும் பட்டை பட்டையாக ஓடும் அதன் ஜன்னல்கள் உயரத்திலிருந்தும் எளிதில் அடையாளம் தெரியும். தொழிற்கட்டடக் கலையில் நியூயார்க் உருவாக்கிய மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக இதைத் தயங்காமல் சொல்லலாம்.

தெருமட்ட ரயிலை அகற்ற 1929இல் நகரம், மாநிலம், ரயில் கம்பெனி மூன்றும் ஒப்பந்தம் செய்தன. சுமார் 21 கிலோமீட்டர் நீளத் திட்டத்தில் 105 லெவல் கிராசிங்குகள் ஒழிந்தன. அதன் ஓர் அங்கமான ‘ஹை லைன்’ மேம்பாலத்தில் 1934இல் ரயில் ஓடத் தொடங்கியது. வீதியின் தலைக்கு மேல் போகாமல், அது கட்டட வரிசைகளின் நடுவே ஊடுருவிச் சென்றது. சரக்கைத் தெருவில் இறக்காமல் ஆலையின் மேல்மாடியிலேயே இறக்குவதற்கான ஏற்பாடு அது. ஓரியோ பிஸ்கட் பிறந்த நபிஸ்கோ ஆலையையும் பெல் ஆய்வகக் கட்டடத்தையும் அது துளைத்துச் சென்றது. அந்த ஆலை இன்று செல்சி மார்க்கெட். ஆய்வகம் 1970 முதல் கலைஞர் குடியிருப்பு.

ஆனால் நெடுஞ்சாலை லாரிகள் ரயில் சரக்கைப் பறித்தன. கன்டெய்னர் முறை வந்ததும், பரந்த இடம் இருந்த நியூ ஜெர்சித் துறைமுகங்களுக்குக் கப்பல்கள் நகர்ந்தன. நியூயார்க் சென்ட்ரல் 1968இல் பென்சில்வேனியா ரயில்ரோடுடன் இணைந்தது. இணைந்த கம்பெனி 1970இல் திவாலானது. உறைய வைத்த வான்கோழி இறைச்சியோடு மூன்று வேகன்கள் 1980இல் ஹை லைனில் சென்றதே கடைசி ஓட்டம். பாலத்தின் தென்பகுதி இடிக்கப்பட்டது. மீதியைக் காக்க 1999இல் ஜோஷுவா டேவிட், ராபர்ட் ஹாமண்ட் இருவரும் தொடங்கிய இயக்கத்தால், 2009 முதல் அது கட்டம் கட்டமாகப் பூங்காவானது.

30ஆம் தெரு யார்டு மட்டும் ரயிலைக் கைவிடவில்லை. 1980களில் அது லாங் ஐலண்டு பயணிகள் ரயில்களின் நிறுத்துமிடமாக மாறியது. காலையில் பென் ஸ்டேஷனில் பயணிகளை இறக்கிய ரயில்கள், மாலை நெரிசல் வரை இங்கே காத்திருக்கின்றன. பிற்காலத்தில் மேலே கட்டடம் எழுப்பத் தூண்கள் நிறுத்த வேண்டியிருக்கும் என்று, அப்போதே தண்டவாளங்களுக்கு இடையே இடம் விடப்பட்டது. அந்த முன்யோசனைதான் பின்னர் கைகொடுத்தது. யார்டின் கிழக்குப் பாதிக்கு மேல் தளம் அமைத்து, கீழே ரயில் சேவை நிற்காமலேயே கோபுரங்கள் எழுப்பப்பட்டன. 2019 மார்ச்சில் ஹட்சன் யார்ட்ஸ் என்ற இந்தக் கோபுர வளாகம் திறக்கப்பட்டபோது மேற்குப் பாதியின் தண்டவாளங்கள் திறந்தவெளியிலேயே இருந்தன.