சுவாசமும் நாடிக் குருதியின் ஒட்சிசனும்: கண்டிப் பகுதி

நாடிக் குருதியில் ஒட்சிசன் எவ்வளவு இருக்கும் என்பதை மூச்சு தீர்மானிக்கிறது. ஆனால் சுகதேகி ஒருவர் மூச்சைக் கூட்டினால் கிடைக்கும் ஆதாயம் சொற்பம். மூச்சு குறைந்தாலோ நட்டம் பெரிது. மூச்சு குறைவதன் ஆபத்தைக் காட்டிய முக்கியமான அவதானிப்பு ஒன்று கண்டிக்கு அருகிலுள்ள பேராதனையிலிருந்து வந்தது.

கண்டி நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. வளியமுக்கம் கொழும்பில் 760 மி.மீ. இரசம் என்றால் இங்கு சுமார் 715. நுரையீரலின் சிற்றறைகளில் ஒட்சிசனின் அமுக்கம் கொழும்பில் 100, கண்டியில் 90 என்று கணக்கிடலாம். ஈமோகுளோபின் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. 60 மி.மீ.க்கு மேல் அதன் ஒட்சிசன் நிறைவு பெரிதாக மாறாததால், இரண்டு ஊரிலும் விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர் 97 சதவீதத்தையொட்டியே காட்டும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவுக்கு ஏறினால்தான் ஓரிரு புள்ளிகள் இறங்கும்.

கண்டியில் ஒருவர் வேண்டுமென்றே வேகமாக மூச்சுவிட்டு, குருதியின் காபனீரொட்சைட்டை 40இலிருந்து 20 மி.மீ.க்குக் குறைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிற்றறை ஒட்சிசன் 90இலிருந்து 115க்கு உயரும். நிறைவு கூடுவது ஒன்றிரண்டு சதவீதம். அதேவேளை காபனீரொட்சைட்டு குறைவதால் மூளையின் குருதிக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும்; விரல்களும் விறைக்கும். மூச்சுப் பயிற்சி உடலில் ஒட்சிசனை நிரப்புகிறது என்ற பரவலான பேச்சுக்கு இந்தக் கணக்கில் ஆதாரமில்லை. பயிற்சி தரும் அமைதிக்குக் காரணம் வேறு.

மாறாக, சிற்றறைகளுக்குச் செல்லும் காற்று பாதியானால் காபனீரொட்சைட்டு 80க்கு ஏறும், சிற்றறை ஒட்சிசன் 40க்கு விழும். நிறைவு 75 சதவீதத்துக்கும் கீழே போகும்.

மூச்சு இப்படிக் குறையும் நிலையைப் பற்றியதே பேராதனையின் அந்த அவதானிப்பு. 1987இல் நிமால் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரலியத்த ஆகிய இருவரும் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின் இதழில் பத்து நோயாளர்களைப் பற்றி எழுதினர். அனைவரும் ஓர்கனோபொஸ்பேற் வகைப் பூச்சிகொல்லியால் நஞ்சேறியவர்கள். வியர்வை, உமிழ்நீர்ப் பெருக்கு போன்ற தொடக்கக் குறிகள் தணிந்து, ஆள் தேறிவிட்டார் என்று தோன்றும் வேளையில், நஞ்சேறிய 24 முதல் 96 மணித்தியாலங்களுக்குள், கழுத்தும் தோள் இடுப்புத் தசைகளும் மூச்சுத் தசைகளும் செயலிழந்தன. நான்கு பேருக்கு அவசரமாகச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. இதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘இடைநிலை நோய்க்குறித்தொகுப்பு’. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்திலேயே கோளாறு. நுரையீரல் நன்றாகவே இருக்கலாம். இந்த நஞ்சுக்குக் கொடுக்கும் மருந்தான அத்ரோப்பின் இந்தத் தசைத் தளர்ச்சியை மாற்றுவதில்லை.

இங்கே ஒக்சிமீற்றர் ஏமாற்றக்கூடும். மேற்சொன்ன பாதி மூச்சு நோயாளருக்கு 30 சதவீத ஒட்சிசன் கொடுத்தால் சிற்றறை ஒட்சிசன் 100ஐத் தொடும், கருவியும் வழக்கமான எண்ணையே காட்டும். காபனீரொட்சைட்டு 80இலேயே நிற்கும். கருவி அதை அளப்பதில்லை. அதை அறிய நாடிக் குருதியை எடுத்து வாயுப் பரிசோதனை செய்ய வேண்டும். கட்டிலருகே கிடைக்கும் எச்சரிக்கை இன்னும் எளியது: தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாத நோயாளரின் மூச்சை உடனே கவனிக்க வேண்டும். தசைகள் மீளும்வரை இயந்திரம் மூச்சுவிடுவதே சிகிச்சை. 1987ஆம் ஆண்டு நோயாளர்களில் இந்தத் தளர்ச்சி 18 நாட்கள்வரை நீடித்தது.