கொரிய நாட்டில் முகம் பெற்ற விலை

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நெட்பிளிக்ஸ் நிறுவனத்தார் ஏழு பகுதிகள் கொண்ட கொரியத் தொடர் ஒன்றை வெளியிட்டனர். "மாஸ்க் கேர்ள்", அதாவது முகமூடிப் பெண் என்பது அதன் பெயர். கிம் மோமி என்னும் பெண் பகலில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். இரவில் முகமூடி அணிந்து இணையத்தின் வழியே ஆடுகிறாள். அவளுடைய உடலழகைப் புகழ்ந்து பொருள் வழங்கும் ஆடவர், அவள் முகத்தைக் கண்டால் நகைப்பர் என்பதை அவள் நன்கு அறிவாள். உடன் பணியாற்றும் ஒருவன் அவளை இன்னாள் என்று கண்டுகொள்கிறான். அவனுக்கு ஏற்பட்ட பித்தும், அவளுக்குத் தன் முகத்தின்மீது இருந்த வெறுப்பும் ஒன்றோடொன்று மோத, கொலையும், அறுவைச் சிகிச்சையால் பெற்ற புது முகமும், சிறையும், மகனை இழந்த ஒரு தாயின் தணியாத வஞ்சமுமாகக் கதை விரிகிறது. மோமியின் வாழ்வில் மூன்று பருவங்கள். அவற்றை நடித்தவர்கள் மூன்று நடிகையர். கிம் யோங்ஹூன் இயக்கிய இத்தொடர், 2015 முதல் 2018 வரை இணையத்தில் வெளிவந்த சித்திரக் கதை ஒன்றைத் தழுவியது.

கதை கொடியது, குருதி மிகுந்தது. மென்மையான உள்ளம் படைத்தோர் காணத் தக்கதன்று. ஆயினும் ஒரு நாட்டு மக்கள் தம்மைப் பற்றித் தாமே இத்துணைக் கடுமையாகப் பேச நேர்ந்தது எவ்வாறு என்னும் வினா எழுகின்றதன்றோ? அதற்கு விடை தேடுவார் கொரிய நாட்டின் பழைய ஏடுகளையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

ஜோசொன் மரபினர் கொரியாவை ஆண்ட காலம் 1392 முதல் 1910 வரையாகும். கன்பூசியரின் நெறியே அக்காலத்தில் அரச நெறியாக விளங்கிற்று. உடலும் மயிரும் தோலும் பெற்றோர் தந்தவை. அவற்றுக்கு ஊறு செய்யாமையே பிள்ளைமையின் முதற்கடன் என்று அந்நெறி கற்பித்தது. 1895ஆம் ஆண்டின் இறுதியில் ஆடவர் அனைவரும் உச்சிக்குடுமியைக் களைய வேண்டும் என்று அரசாணை பிறந்தபோது நாடே கொந்தளித்தது. சொ இக்ஹ்யொன் என்னும் முதுபெரும் அறிஞர், தம் தலையை வெட்டினும் வெட்டலாம், மயிரை வெட்ட இயலாது என்னும் கருத்துப்பட மறுத்துரைத்தார். ஒரு மயிரிழைக்காக உயிரையும் கொடுக்கத் துணிந்த அந்நாட்டில், நூறாண்டு கழிவதற்குள் இமையை அறுப்பதும் தாடையைச் செதுக்குவதும் இயல்பான செய்திகளாகிவிட்டன. உலக வரலாற்றில் இத்தகைய தலைகீழ் மாற்றம் அரிதினும் அரிது.

அவ்வாறாயின் பழங்கொரியர் தோற்றத்தைப் பொருட்படுத்தாதவர் போலும் என எண்ணுவது பிழையாகும். முகக்குறி கண்டு குணமும் ஊழும் கூறும் கலை அங்கே செழித்திருந்தது. அதனைக் குவான்சாங் என்பர். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று நம் முன்னோர் பழமொழியாகச் சொன்னதை அவர்கள் ஒரு கலையாகவே வளர்த்துவிட்டனர் எனலாம். முகத்தைக் கண்டே குணத்தை அளக்கும் வழக்கம் வேரூன்றிய இடத்தில், முகத்தை மாற்றினால் ஊழும் மாறும் என்னும் எண்ணம் முளைப்பதற்கு நெடுந்தொலைவு இல்லை.

அக்காலத்து அழகு இன்றைய அழகன்று என்பதும் நோக்கத்தக்கது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்த சின் யுன்பொக் என்னும் ஓவியர் தீட்டிய அழகியின் ஓவியம் கொரியர் பெரிதும் போற்றும் கலைச்செல்வம். அதில் காணப்படும் நங்கைக்கு வட்ட முகம்; மெல்லிய புருவம்; ஒடுங்கிய, மடிப்பில்லாத கண்கள்; சின்னஞ்சிறு வாய். இன்று சியோல் நகரத்து அறுவை மருத்துவர் ஒருவரிடம் அந்நங்கை சென்றால், திருத்த வேண்டியவை என்று நீண்ட பட்டியலே அவள் கையில் கிடைக்கக்கூடும்!

அவ்வோவியத்தில் கண்ணைக் கவர்வது அவள் தலைமேல் குவிந்துள்ள கூந்தல். அது முழுவதும் அவளுடையதன்று. காச்சே எனப்படும் பொய்ம்முடி அது. வறியோர் விற்ற கூந்தலைப் பின்னிக் கட்டித் தலைமேல் ஏற்றுவது மேற்குடிப் பெண்டிரிடையே பெருவழக்காயிற்று. முடி எத்துணைப் பெரிதோ அத்துணைப் பெருமை. இதற்கென நிலத்தையும் வீட்டையும் விற்றவர் உண்டு. முடி வாங்க வகையின்றி மணப்பெண்ணுக்குரிய சடங்குகளைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்ட குடும்பங்களும் உண்டு. அக்காலத்து அறிஞராகிய யி தொக்மு ஒரு செய்தியைக் குறித்து வைத்திருக்கிறார். செல்வர் வீட்டு மருமகள் ஒருத்தி, வயது 13. உயர்ந்த பாரமான பொய்ம்முடியோடு அமர்ந்திருந்தவள், மாமனார் அறைக்குள் வரவே மரியாதைக்காக விரைந்து எழுந்தாள். முடியின் சுமை தாங்காமல் கழுத்து முறிந்து மாண்டாள். பள்ளிக்கூடத்தில் விளையாட வேண்டிய வயதில் ஒரு சிறுமி அழகின் பாரத்தால் உயிர் நீத்தாள் என்னும் இச்செய்திக்கு முன் தொடரில் வரும் கொலைகள் எம்மாத்திரம்?

யொங்ஜோ மன்னர் 1756இல் பொய்ம்முடியைத் தடை செய்து, அதற்கு மாற்றாகச் சோக்துரி என்னும் சிறு மகுடத்தை அணியுமாறு பணித்தார். பெண்டிர் என்ன செய்தனர்? அச்சிறு மகுடத்தில் மணிகளைப் பதித்து, பொய்ம்முடியினும் விலை மிக்கதாக்கிவிட்டனர். சில ஆண்டுகளில் மன்னர் தம் ஆணையைத் தாமே மீட்டுக்கொள்ள நேர்ந்தது. பின்னர் அவருடைய பேரரான ஜொங்ஜோ மன்னர் 1788இல் மீண்டும் ஆணை பிறப்பித்தார். எழுத்தறிவு குறைந்தோரும் படித்தறியும்படி அவ்வாணை சீன எழுத்தோடு கொரிய எழுத்திலும் வெளியாயிற்று. ஆணையிட்டு அழகை ஒடுக்க முயன்ற மன்னர்கள் அப்பெண்டிரின் ஆசையைக் குறை கூறினரேயன்றி, அவ்வாசையை அவர்கள்மீது சுமத்திய குடிப்பெருமையைத் தொட்டாரில்லை.

ஜப்பானியர் ஆட்சியில் முகப்பூச்சு கடைச்சரக்காயிற்று. துணி வணிகர் பாக் சுங்ஜிக் என்பவர் 1916இல் பாக்காபுன், அதாவது பாக் குடும்பத்தாரின் மாவு என்னும் வெண்பொடியைச் செய்து, முதலில் தம் கடைக்கு வருவோருக்கு இலவசமாக வழங்கினார். அது நாடெங்கும் பரவிற்று. வெண்மை நன்கு பற்றுவதற்காக அதில் ஈயம் கலந்திருந்தது. நாள்தோறும் பூசிய பெண்களின், குறிப்பாக ஆடல் பாடலால் பிழைத்த கிசேங் பெண்களின், தோல் கெட்டது. ஈயத்தின் நஞ்சு வெளிப்பட்ட பின் 1937இல் அப்பொடி மறைந்தது.

இனி இமைக்கு வருவோம். கொரியரின் அழகு அறுவை அமெரிக்கரிடமிருந்து வந்தது என்று பலர் ஒரே மூச்சில் கூறிவிடுவர். அது பாதி உண்மையே. மேலிமையில் மடிப்பு உண்டாக்கும் அறுவையை மிக்காமோ என்னும் ஜப்பானிய மருத்துவர் 1896இலேயே எழுதி வெளியிட்டார். பிறவியிலேயே மடிப்புள்ள கண் உடையோர் கிழக்காசிய மக்களிடையே கணிசமாக உண்டு. அவர் அதனையே அளவுகோலாகக் கொண்டார். ஓ யொப்ஜு என்னும் கொரியப் பெண்மணி ஜப்பானில் அவ்வறுவையைச் செய்துகொண்டு திரும்பி, 1933இல் சியோலில் ஹ்வாசின் அங்காடியில் ஒப்பனை நிலையம் திறந்தார்.

மற்றப் பாதி போரோடு வந்தது. 1950இல் மூண்டு 1953இல் ஓய்ந்த போர் கொரியாவைச் சுடுகாடாக்கிற்று. அதன்பின் அமெரிக்கப் படையோடு சென்ற மில்லார்டு என்னும் அறுவை மருத்துவர், பிளவுபட்ட உதடுகளோடு பிறந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்தார். உதட்டுப் பிளவைச் சீர்செய்ய அவர் வகுத்த முறை இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது. இது மறக்கவொண்ணாத தொண்டு. அவரிடமே ஆங்கிலம் நன்கறிந்த கொரிய மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்து தம் கண்களை வட்டமாக்கித் தருமாறு வேண்டினார். தம் கண்ணைப் பார்க்கும் அமெரிக்கருக்குத் தம் மனத்தில் இருப்பது புலப்படவில்லை, அதனால் நம்பத் தயங்குகின்றனர் என்பதே அவர் சொன்ன காரணம். மில்லார்டு இதனை 1955இல் மருத்துவ ஏட்டில் எழுதினார். அம்மொழிபெயர்ப்பாளர் வேண்டியது அழகு மட்டுமன்று. பிழைப்புக்கு உரிய நம்பிக்கையும்கூட. முகத்தைத் திருத்தி வேலையைக் காப்பது என்னும் கணக்கு அன்றே தொடங்கிவிட்டது.

அதன்பின் நடந்தவை விரைந்து நடந்தன. 1957இல் முதல் மிஸ் கொரியா போட்டி நடைபெற்றது. 1966இல் உறுப்புச் சீரமைப்பு மருத்துவர்களின் சங்கம் தோன்றியது. ஹான் ஆற்றின் தென்கரையில் பேரித் தோட்டங்களாக இருந்த அப்குஜொங் பகுதி 1970களில் அடுக்குமாடிகளாயிற்று. பின்னர் அவ்வட்டாரமே அழகு மருத்துவமனைகளின் தெருவாயிற்று. ஆயினும், கொரியப் பெண்கள் எல்லாரும் கத்திக்கு முகத்தைக் கொடுத்தவர்கள் என்று அயல்நாட்டார் பேசுவது மிகை. கேலப் கொரியா நிறுவனத்தார் 2015இல் எடுத்த கணக்கில், அழகு அறுவை செய்துகொண்டதாகக் கூறிய வயதுவந்த பெண்கள் நூற்றுக்கு 14 பேர். 19 முதல் 29 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 31 பேர். இளையோரிடையே எண்ணிக்கை இரட்டிப்புக்கு மேல் இருப்பதன் காரணத்தை ஆராய்வோர் கண்ணாடியைக் காட்டிலும் வேலைச் சந்தையைப் பார்ப்பது நலம்.

அவ்வேலைச் சந்தையின் உண்மைக் கோலம் 1994இல் வெட்டவெளிச்சமாயிற்று. கொரியாவில் பெண்களுக்கான வணிகவியல் உயர்நிலைப் பள்ளிகள் இருந்தன. எளிய குடும்பத்துப் பெண்கள் தட்டெழுத்தும் கணக்கும் பயின்று, பள்ளியின் பரிந்துரையால் வங்கிகளிலும் நிறுவனங்களிலும் வேலை பெற்று வந்தனர். நிறுவனங்கள் பள்ளிகளுக்கு விடுத்த கடிதங்களில், தகுதியாகக் குறிக்கப்பட்டவை உயரம் 160 சென்டிமீட்டருக்கு மேல், எடை 50 கிலோவுக்குக் கீழ், நல்ல முகத்தோற்றம் என்பன. ஆண்களுக்கு இத்தகைய நிபந்தனை இல்லை. மூன்றாண்டுகள் கண்விழித்துப் படித்த மாணவியின் மதிப்பெண் ஏட்டை ஒருபுறம் வைத்துவிட்டு, அளவு நாடாவையும் தராசையும் கையில் எடுக்குமாறு ஆசிரியர்களைப் பணித்த கடிதங்கள் அவை. எந்த ஆசிரியன் மனம் பொறுக்கும்? ஆசிரியர் சங்கத்தினரும் பெண்கள் அமைப்பினரும் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் கூடி 44 நிறுவனங்களின்மீது குற்றம் சாட்டி முறையிட்டனர். வழக்கின் பயனாக நிறுவனங்கள் பெருந்தண்டம் எதுவும் செலுத்தவில்லை. ஆயினும் 1995இல் சம வேலைவாய்ப்புச் சட்டம் திருத்தப்பட்டு, பெண்களை வேலைக்கு எடுக்கும்போது பணிக்குத் தேவையில்லாத முகத்தோற்றம், உயரம், எடை ஆகியவற்றை நிபந்தனையாக்குவது தடுக்கப்பட்டது.

சட்டம் வந்தது, 1997இல் பொருளாதார நெருக்கடியும் வந்தது. ஓர் இடத்துக்குப் பலர் போட்டியிட்ட அக்காலத்தில், விண்ணப்பத்தில் ஒட்டும் நிழற்படத்துக்கே தனி மதிப்பு ஏற்பட்டது. படத்தைத் திருத்தி அழகாக்கித் தரும் நிழற்பட நிலையங்கள் பெருகின. எதிர்ப்பும் இல்லாமலில்லை. 1999இல் பெண்ணுரிமையாளர்கள் மிஸ் கொரியாவுக்கு எதிர்விழா எடுத்தனர். 2018இல் இளம்பெண்கள் பலர் தம் ஒப்பனைப் பொருள்களை உடைத்து, அப்படங்களை இணையத்தில் வெளியிட்டனர்.

முகமூடிப் பெண் தொடர் இவ்வரலாற்றுக்குப் பின் வந்தது. அதில் மருத்துவரும் முதலாளியும் பெரிய கொடியவர்களாகக் காட்டப்படவில்லை. சிறுமி மோமி மேடையில் ஆடிக் கைதட்டல் பெற்றவள். அவள் அழகற்றவள் என்பதை அவளுக்கு முதலில் உணர்த்தியது வீடும் பள்ளியுமே. தொடரின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொருவர் பார்வையில் சொல்லப்படுவதால், மோமியை வேட்டையாடுவோரும் ஒரு காலத்தில் பிறர் ஏளனத்துக்கு ஆளானவர் என்பது விளங்குகிறது. இப்பகுதியே தொடரின் சிறப்பு. பிற்பாதியில் துப்பாக்கியும் துரத்தலும் மலிந்துவிட்டமை அதன் குறை. நடுப்பருவத்துக்குப் பிந்திய மோமியாக நடித்த கோ ஹ்யொன்ஜொங், 1989ஆம் ஆண்டு மிஸ் கொரியா போட்டியில் இரண்டாம் இடம் பெற்றவர். அழகுக்குப் பரிசு பெற்ற அவரே, ஒப்பனையின்றி, சிறையுடையில், வாடிய முகத்தோடு அப்பாத்திரத்தைத் தாங்கி நின்றது கொரியப் பார்வையாளரின் நினைவைத் தொட்டிருக்கும்.

கொரிய அரசு 2017இல் பொதுத்துறைப் பணிகளுக்கான விண்ணப்பங்களில் நிழற்படத்தையும் பள்ளியின் பெயரையும் நீக்கச் செய்தது. 2019 ஜூலையில் 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் தனியார் நிறுவனங்களுக்கும் விதி வந்தது. விண்ணப்பதாரரின் தோற்றம், உயரம், எடை ஆகியவற்றைக் கேட்டு எழுதி வாங்கினால் 50 இலட்சம் வொன் வரை தண்டம். ஆனால் ஆளை அடையாளம் காண்பதற்கென்று நிழற்படம் கேட்பதை அச்சட்டம் தடுக்கவில்லை. ஆகவே, உயரத்துக்கும் எடைக்கும் உரிய கட்டங்கள் நீங்கிய பின்னும், விண்ணப்பத்தாளின் மூலையில் முகத்துக்குரிய கட்டத்தை வைத்திருக்க நிறுவனங்களுக்கு வழி இருந்தது.