மணிமேகலையிற் குற்றங்களையும் நெறி

மக்கள்பாற் காணப்படும் குற்றங்கள் பிறவியொடு வந்து நீங்காது நிற்பனவா, அன்றி முயற்சியாற் களையத்தக்கனவா என்னும் வினா, அறநூலார் பலரும் ஆராய்ந்த ஒன்றாகும். களையத்தக்கன எனின், எல்லாவற்றையும் ஒருங்கே விடுத்தல் வேண்டுமா, ஒவ்வொன்றாக விடுத்தல் அமையுமா என்பது அதனைத் தொடர்ந்து எழும் வினா. இவ்விரண்டற்கும் சீத்தலைச் சாத்தனார் மணிமேகலையின் 16-ஆம் காதையாகிய ஆதிரை பிச்சையிட்ட காதையில் விடை தந்துள்ளார். அக்காதை ஆதிரையின் கற்புச் சிறப்புக்காகவே பெரிதும் போற்றப்படுகின்றது. அவள் கணவன் சாதுவனின் வரலாற்றை ஈண்டு நாம் நோக்குவாம்.

மணிமேகலை பௌத்த அறம் கூறும் காப்பியம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் இதனை 1898-இல் அச்சிற் பதிப்பித்தார். 1960-களில் காவிரிப்பூம்பட்டினத்து நிகழ்ந்த அகழாய்வில் பௌத்த விகாரத்தின் அடிப்பகுதி வெளிப்பட்டமை, அந்நகரிற் பௌத்தம் வேரூன்றியிருந்தது என்பதற்குச் சான்றாம். அச்சமயத்தார் தீவினைகளைப் பத்தாகப் பகுத்தனர். கொலை, களவு, காமம் என்பன உடம்பின்பாற்பட்ட மூன்று; பொய், கோள், கடுஞ்சொல், பயனில் சொல் என்பன சொல்லின்பாற்பட்ட நான்கு; வெஃகல், வெகுளி, பிழைபட்ட காட்சி என்பன உள்ளத்தின்பாற்பட்ட மூன்று. அறவண அடிகள் வாயிலாகச் சாத்தனார் இப்பகுப்பினைக் கூறுகின்றார். எனினும், கொள்கையாகக் கூறுவதனினும் கதையாகக் காட்டுமிடத்தே அவர்தம் கருத்து நன்கு விளங்குகின்றது.

சாதுவன் குற்றமற்றவனாக அறிமுகம் செய்யப்படவில்லை. மனைவியை நீங்கிக் கணிகையொருத்தியை நயந்தான். சூதிற் பொருளைத் தோற்றான். பொருளிழந்த பின்னர் அவளாலும் கைவிடப்பட்டான். பொருள் தேடி வணிகருடன் கடல்மேற் சென்றவழிக் கலம் உடைந்தது. ஒடிந்த மரமொன்றைப் பற்றி நாகர் வாழும் மலைப்பக்கத்துக் கரை சேர்ந்து, அயர்ந்து உறங்கினான். அவனைக் கொன்று உண்ண வந்த நாகர், தம் மொழியில் அவன் பேசக் கேட்டு வியந்து, தம் தலைவனிடம் அழைத்துச் சென்றனர். அத்தலைவன் இளநங்கை ஒருத்தியையும் கள்ளையும் ஊனையும் அவனுக்கு அளிக்குமாறு பணித்தான். சாதுவன் அவற்றை ஏலான் ஆயினான்.

இவ்விடத்து ஒன்று கருதத்தக்கது. சாதுவன் மனம் வருந்தினான், திருந்தினான் என்று புலவர் விரித்துரைத்தாரல்லர். கணிகையின்பொருட்டுக் கெட்டவன் முன், கேட்பாரும் காண்பாரும் அற்ற அயல்நிலத்தில், மங்கை ஒருத்தி வலிய அளிக்கப்படுகின்றாள், அவன் மறுக்கின்றான். திருந்தியமைக்கு அம்மறுப்பே சான்றாக நிற்கின்றது. பழைய குற்றம் மீண்டும் எளிதாகக் கைகூடும்பொழுது அதனை விலக்குதலே பண்பின் மாற்றம் என்பது இதனாற் பெறப்படும்.

நாகர் தலைவன் முதலில் வெகுண்டான். உயிர் உடம்பை விட்டு வேறிடம் புகும் என்றதைக் கேட்டு நகைத்தான். சாதுவன் பொறுமையுடன் விளக்கிய பின்னரே அவன் அடியில் வீழ்ந்தான். வீழ்ந்தவன், கள்ளையும் ஊனையும் கைவிட்டுத் தன்னால் உயிர்வாழ இயலாது என்பதை மறையாது கூறி, தன்னால் இயலும் அறத்தை உரைக்குமாறு வேண்டினான். சாதுவன் கூறியவை இரண்டே: கலம் உடைந்து கரை சேர்வாரைக் கொல்லற்க, மூத்து இறக்கும் விலங்கின் ஊனன்றிப் பிறவற்றின்பொருட்டு உயிர்க்கொலை செய்யற்க.

இஃது அறத்தைக் குறைத்துக் கூறியதாகாதோ எனின், அற்றன்று. முற்றத் துறத்தலை வற்புறுத்தியிருப்பின், தலைவன் ஒன்றையும் ஏலாது பழைய நிலையிலேயே நின்றிருப்பான். அடுத்துக் கரை சேர்வானும் உயிரிழந்திருப்பான். பிறர்க்குப் பெருந்தீங்கு பயப்பது எதுவோ, அதுவே முதற்கண் களையப்பட்டது. கடல்வாணிகத்தாற் சிறந்த புகார் நகரத்தார்க்கு இவ்வறத்தின் அருமை நன்கு விளங்கியிருக்கும். நிலைக்கேற்ப அறத்தை வகுக்கும் இம்முறை தமிழுக்குப் புதிதன்று. திருவள்ளுவர் புலான்மறுத்தலை இல்லறவியலில் வையாது துறவறவியலில் வைத்தமையும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

சாத்தனார் கடந்தகாலக் குற்றத்தை மறைக்கவுமில்லை. தலைவன் சாதுவனுக்கு அளித்த சந்தனமும் அகிலும் ஆடையும் பிறவும், முன்னர்க் கலமுடைந்து வந்தோரைக் கொன்று கொண்ட பொருள்களே. செய்த கொலை மீளாது. இனிச் செய்யாமையே கைக்கூடுவது. அப்பொருளொடு சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் ஊர் மீண்ட சாதுவன், ஆதிரையுடன் வாழ்ந்து பலர்க்கும் தானம் செய்தான்.

ஆகவே, குற்றம் பிறவியொடு நிலைபெறுவதன்று என்பதும், தன் இயல்பை உண்மையாக அறிந்து, இயன்றதைத் தவறாது செய்தலே அதனைக் களையும் வழி என்பதும் இக்காதையின் கருத்தாகக் கொள்ளத்தக்கன. திருந்தியவனே பிறரைத் திருத்தும் ஆசானாகவும் ஆயினான் என்பது இக்காதை காட்டும் சிறப்பாகும்.