வீட்டு சர்வருக்கு மூணு பூட்டு

வீட்டுல ஒரு பழைய லேப்டாப். அதுல மைஎஸ்க்யூஎல் ஓடுது. அந்த லேப்டாப் முன்னாடியே உட்கார்ந்தா எல்லாம் திறக்குது. வேற எங்க இருந்து முயற்சி பண்ணினாலும் திறக்கல. திண்டுக்கல்ல எங்க வீட்டு நிலைமையும் இதுதான். சித்தப்பா கடையோட சரக்குக் கணக்கு முழுக்க அதுலதான் இருக்கு. அதைச் சென்னையில இருந்து பார்க்கணும்.

இதுக்கு வழி கேட்டா, ஃபயர்வாலை அணை, போர்ட்டைத் திறனு ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. ஆனா கதவை யார் மூடினது, எதுக்கு மூடினதுனு சொல்ல மாட்டாங்க. இன்னைக்கு அந்தக் கதையைப் பேசுவோம். 2019ல புவிசார் குறியீடு வாங்கின திண்டுக்கல் பூட்டோட ஊருல இருந்து பேசுறேன், அதனால பூட்டு வழியாவே சொல்றேன்.

முதல் பூட்டு டேட்டாபேஸுக்குள்ளேயே இருக்கு. 2003 ஜனவரி 25 அன்னைக்கு ஸ்லாம்மர்னு ஒரு புழு நிரல் பரவுச்சு. அளவு வெறும் 376 பைட். மைக்ரோசாஃப்டோட எஸ்க்யூஎல் சர்வர்ல இருந்த ஓட்டை வழியா, பத்தே நிமிஷத்துல சுமார் 75,000 கணினிகளுக்குள்ள புகுந்துடுச்சு. தென்கொரியாவுல இணையமே முடங்குச்சு. அமெரிக்காவுல ஏடிஎம்கள் நின்னுபோச்சு. அந்த ஓட்டையை அடைக்கிற திருத்தம் ஆறு மாசம் முன்னாடியே, 2002 ஜூலையில வந்திருந்தது. பல பேர் அதைப் போடவே இல்ல.

அதுக்கு அப்புறமும் பாடம் முடியல. 2017 ஜனவரியில, பாஸ்வேர்டு இல்லாம இணையத்துல திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மோங்கோடிபி டேட்டாபேஸ்களை அழிச்சுட்டு, பணம் கேட்டு மிரட்டினாங்க. அதே வருஷக் கடைசியில வந்த 3.6 பதிப்புல இருந்து, மோங்கோடிபி தான் இருக்கிற கணினிக்கு மட்டும்தான் பதில் சொல்லும், நாமளா மாத்துற வரைக்கும். போஸ்ட்கிரெஸும், உபுண்டுல நிறுவுற மைஎஸ்க்யூஎல்லும் அப்படித்தான். அமைப்புக் கோப்புல 127.0.0.1னு இருக்கும். "இந்த வீட்டுக்காரங்க மட்டும்"னு அர்த்தம்.

இரண்டாவது பூட்டு ரூட்டர்ல. 1981ல ஐபி முகவரியை 32 பிட்டா வகுத்தாங்க. மொத்தமே சுமார் 429 கோடி முகவரி. உலகத்துக்கே பத்தாதுனு 1990கள்லயே தெரிஞ்சுபோச்சு. 1994ல எகெவாங், பால் பிரான்சிஸ்னு ரெண்டு பேர் ஒரு தற்காலிக வழி சொன்னாங்க: வீடு முழுக்க ஒரே வெளி முகவரி, உள்ளே ஆளுக்கொரு தனி முகவரி. இதைத்தான் நாட்னு சொல்றோம். 192.168னு ஆரம்பிக்கிற முகவரியை உங்க வீட்டுலயும் பார்த்திருப்பீங்க. இதுல உள்ளே இருந்து வெளியே போறது சுலபம். வெளியே இருந்து வர்ற அழைப்பை யாருக்குக் கொடுக்கிறதுனு ரூட்டருக்குத் தெரியாது, விட்டுடும். போர்ட் ஃபார்வர்டிங்னா, "இந்த எண்ணுக்கு வந்தா அந்த லேப்டாப்புக்குக் கொடு"னு ரூட்டர்கிட்ட சொல்லி வைக்கிறது.

மூணாவது பூட்டு நம்ம கையிலேயே இல்ல. இந்தியாவுல பொதுமக்களுக்கான இணையத்தை விஎஸ்என்எல் தொடங்கினது 1995 ஆகஸ்ட் 15. ஊர் ஊரா வீட்டுக்கு வீடு அகலக்கற்றை வர்றதுக்குள்ள முகவரிகள் தீர்ந்துடுச்சு. ஆசிய பசிபிக் பகுதிக்கான இருப்பு 2011 ஏப்ரல் 15 அன்னைக்குக் கடைசித் தொகுதிக்கு வந்துடுச்சு. அதனால பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரியைக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. இதுக்காகவே 2012ல 100.64ல இருந்து 100.127 வரைக்கும் ஒதுக்கினாங்க. உங்க ரூட்டர் காட்டுற வெளி முகவரி இந்த வரிசையில இருந்தா, வீட்டுல எத்தனை போர்ட் திறந்தாலும் பிரயோஜனம் இல்ல. தெருமுனையில இன்னொரு கேட் பூட்டியிருக்கு.

எந்தப் பூட்டு தடுக்குதுனு எப்படித் தெரியும்? பிழைச் செய்தியைப் படிங்க. "கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு"னு வந்தா, பெரும்பாலும் கணினி வரைக்கும் போயாச்சு, அங்கே கதவைத் திறக்க ஆள் இல்ல. முதல் பூட்டைப் பாருங்க. ரொம்ப நேரம் காத்திருந்து "டைம்டு அவுட்"னு வந்தா, வழியிலேயே ஃபயர்வாலோ ரூட்டரோ விழுங்கிடுச்சு. மைஎஸ்க்யூஎல்ல 1130 பிழை வந்தா சந்தோஷப்படுங்க, எல்லாக் கதவும் தாண்டியாச்சு. நீங்க வர்ற இடத்துல இருந்து நுழைய அந்தப் பயனருக்கு அனுமதி கொடுக்கலை, அவ்வளவுதான். முதல்ல அதே வைஃபைல இருக்கிற இன்னொரு கணினி, அடுத்து மொபைல் டேட்டானு உள்ளே இருந்து வெளியே சோதிச்சுக்கிட்டே வாங்க.

ஆனா 3306 போர்ட்டை அப்படியே உலகத்துக்குத் திறந்து வைக்காதீங்க. பூட்டைத் திறக்கிறது வேற, உடைக்கிறது வேற. 1995ல ஃபின்லாந்துல தாத்து யுலோனன், தன் பல்கலைக்கழக நெட்வொர்க்குல பாஸ்வேர்டு திருடப்பட்ட பிறகு எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். அந்தச் சுரங்கப்பாதை இன்னைக்கும் நல்ல சாவி. வயர்கார்டும் அப்படித்தான். மூணாவது பூட்டு இருந்தா, பொது முகவரி உள்ள ஒரு சின்ன வாடகை சர்வருக்கு உங்க லேப்டாப்பே உள்ளே இருந்து இணைப்பை ஏற்படுத்தட்டும். வெளியே போறதை யாரும் தடுக்கலையே.

எனக்கு உறுத்துறது வேற. ஆரம்பகால இணையத்துல ஒவ்வொரு கணினியும் கேட்கவும் செய்யலாம், கொடுக்கவும் செய்யலாம். தற்காலிகம்னு வந்த ஏற்பாடு முப்பது வருஷத்துல நம்ம வீடுகளை வெறும் வாடிக்கையாளரா ஆக்கிடுச்சு. ஐபிவி6ல முகவரிக்குப் பஞ்சமே இல்ல, அதை அதிகமா பயன்படுத்துற நாடுகள்ல இந்தியாவும் ஒண்ணு. அடுத்த தடவை இணைப்பு வாங்கும்போது வேகத்தை மட்டும் கேட்காதீங்க. "வெளியே இருந்து என் வீட்டுக்கு வர முடியுமா?"னும் கேளுங்க.